மேயருக்கு எந்தப் பொத்தான்?

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை காலை. சென்னையில் எங்கள் தெருக்காரர்களுக்கு வாக்குச்சாவடி பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா. விரலில் மை வைத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். பீப் சத்தம் கேட்டது, ஆள் மட்டும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, "சார், மேயருக்கு எந்தப் பட்டன்?" என்று கேட்டார். "மேயருக்குத் தனியா ஓட்டு கிடையாதும்மா. கவுன்சிலருக்கு மட்டும்தான். நீங்க போட்டாச்சு, வாங்க" என்றார் அலுவலர்.

அக்கா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு முன் மாநகராட்சித் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டது 2011 அக்டோபரில். அப்போது ஆளுக்கு 2 ஓட்டு: மேயருக்கு ஒன்று, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று. அதன் பிறகு 10 ஆண்டுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் மேயரைத் தேர்ந்தெடுக்கும் விதி 3 முறை மாறியிருந்தது. அதை வீடு தேடி வந்து சொல்ல ஆளில்லை.

அன்றைக்குச் சென்னையில் பதிவான வாக்கு 43.59 சதவீதம். நூறு பேரில் ஐம்பத்தாறு பேர் வரவில்லை. தமிழ்நாடு முழுக்கப் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு குறைகிறது. நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. தான் போடும் ஓட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாதவரிடம், வரிசையில் நில் என்று சொன்னால் எப்படி நிற்பார்? அந்த ஒரு ஓட்டு போகும் வழியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஊராட்சிக்கு நாலு, நகரத்துக்கு ஒன்று

கிராம ஊராட்சியில் இருப்பவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் 4 ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு பேரை அவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். நாலுக்கும் வாக்குச் சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நிறம் மாறும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது.

பேரூராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ, நகர்ப்புறத்தில் இருப்பவருக்கு இயந்திரத்தில் ஒரே ஓட்டு. அது வார்டு உறுப்பினருக்கு, நாம் கவுன்சிலர் என்று சொல்கிறவருக்கு. கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. 2022-ல் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் அறிவித்தார்கள். மொத்தம் 12,838 வார்டுகள். அதில் 7,621 பேரூராட்சி வார்டுகள், 3,843 நகராட்சி வார்டுகள், 1,374 மாநகராட்சி வார்டுகள். அதற்குப் பின் 2024-ல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவையும் மாநகராட்சியாகி, இப்போது 25 இருக்கின்றன.

அந்த ஒரு ஓட்டு கவுன்சிலரோடு நின்றுவிடுவதில்லை. வென்ற கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நகராட்சி, பேரூராட்சி என்றால் தலைவரையும் துணைத் தலைவரையும். இதைத்தான் மறைமுகத் தேர்தல் என்கிறார்கள். அப்புறம் வரி, பணி, சுகாதாரம், கல்வி என்று நிலைக்குழுக்கள், மண்டலக் குழுத் தலைவர்கள். அவர்களும் கவுன்சிலர்களின் ஓட்டில்தான் வருகிறார்கள். பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதும், சொத்து வரி உயர்வுக்குத் தீர்மானம் போடுவதும் இதே ஆட்கள். மறைப்புக்குப் பின்னால் அக்கா அழுத்திய அந்த ஒரு பொத்தான்தான் இத்தனைக்கும் தொடக்கம். அவர் நினைத்தது போல மேயருக்கும் அதில்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் அந்த ஓட்டை அவர் பெயரில் போடப் போகிறவர் கவுன்சிலர்.

மேயர் நாற்காலியின் கதை

1996-ல் சென்னை மாநகராட்சிக்கு 23 ஆண்டுகளுக்குப் பிறகு தேர்தல் நடந்தபோது, மக்களே மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்தவர் மு.க. ஸ்டாலின். 2001-லும் நேரடித் தேர்தல், மீண்டும் அவரே. 2006-ல் திமுக ஆட்சியில் மறைமுகத் தேர்தலாக மாறியது; மா. சுப்பிரமணியன் மேயரானார். 2011-ல் அதிமுக ஆட்சி நேரடித் தேர்தலைக் கொண்டுவந்தது. சைதை துரைசாமி வென்றார். 2016-ல் அதே அதிமுக ஆட்சி மறைமுகத்துக்கு மாற்றியது. 2018-ல் திரும்ப நேரடி என்றது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம் ஆக்கியது. 2022-ல் திமுக ஆட்சி அதே முறையில் தேர்தலை நடத்தி முடித்தது.

இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. நேரடியாக வந்த மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்றானால் ஒரு தீர்மானமும் நகராது. மறைமுகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மறைமுகத்தில் மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. பிரசாரத்தின்போது வாக்காளருக்கு மேயர் வேட்பாளரின் முகமே தெரியாது. எனக்கு இதில் எந்த முறை என்பதை விட, தேர்தலுக்குத் தேர்தல் ஆளுங்கட்சியின் வசதிக்கு ஏற்பப் புரட்டிப் போடுவதுதான் பெரிய குறை. ஏதாவது ஒன்றை நிலையாக வைத்திருந்தால், மக்கள் அதற்குத் தக்கபடி யோசித்து ஓட்டுப் போடப் பழகியிருப்பார்கள்.

மறைமுகத் தேர்தலில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும்தான். கவுன்சிலரை அது கட்டுப்படுத்தாது. 2022 மார்ச் 4 அன்று மேயர், தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல் நடந்தபோது, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பல தலைவர் பதவிகளில் திமுக கவுன்சிலர்களே போட்டியிட்டு வென்றுவிட்டார்கள். அவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சரே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். அடுத்து ஆகஸ்டில் நெல்லையில் நடந்த தேர்தலில் கட்சி அறிவித்த வேட்பாளருக்கு எதிராக அதே கட்சிக் கவுன்சிலர் நின்று 23 வாக்குகள் வாங்கினார், வென்றவருக்கு 30. அதே ஜூலையில் காஞ்சிபுரத்தில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கூட்டத்துக்குக் கவுன்சிலர்கள் வராததால் அது தோற்றது. இதில் எந்த இடத்திலும் வாக்காளரைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை. அவருடைய ஓட்டு ஏற்கெனவே கவுன்சிலர் கையில் இருக்கிறது. ஆகவே சின்னத்தைப் பார்ப்பதோடு, அந்தச் சின்னத்தில் நிற்கிற ஆளையும் பார்க்க வேண்டிய தேர்தல் இது.

காலியாகக் கிடந்த மன்றம்

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது: நகராட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். இடையில் கலைத்தாலும் 6 மாதத்துக்குள் தேர்தல். இதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக உள்ள மாநிலத் தேர்தல் ஆணையம். தமிழ்நாட்டில் அது 1994-ல் அமைந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது இந்த ஆணையங்களின் கடமை என்று 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது.

ஆனால் நடந்தது வேறு. 2011-ல் வந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். வேட்புமனுத் தாக்கல்கூட முடிந்துவிட்டது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் அக்டோபர் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. அப்புறம் மேல்முறையீடு, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வார்டு மறுவரையறை, அதன் மேல் வழக்குகள், பிறகு கொரோனா. கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் 2022-ல் தேர்தல் வந்தது.

இந்த 5 ஆண்டுக்கும் மேலான காலத்தில் மன்றத்தின் அதிகாரம் முழுக்கத் தனி அலுவலர்களிடம் இருந்தது. பெரும்பாலும் ஆணையர்களே தனி அலுவலர்கள். தீர்மானத்தை முன்மொழிவதும் அவர்தான், நிறைவேற்றுவதும் அவர்தான். எதிர்த்துக் கேட்க ஒரு நாற்காலி கிடையாது. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோதும், 2020-ல் தெருத்தெருவாகத் தகரம் அடித்து மூடியபோதும் எங்கள் வார்டுக்கென்று போய்க் கேட்க ஆள் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் போட்டிருக்க வேண்டிய ரோடும் சாக்கடையும் யாருடையவை? நம்முடையவைதான். தேர்தல் தள்ளிப்போவதை அரசியல்வாதிகளின் பிரச்சினை என்று நினைத்து நாம் சும்மா இருந்துவிடுகிறோம். எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு.

இது முதல் தடவையும் இல்லை. 1973-ல் ஊழல் புகாரில் கலைத்த சென்னை மாநகராட்சி மன்றம் 1996 வரை திரும்பவில்லை. 1688-ல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சி இது. ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்ற சொல்லைக் கேட்காமல் இங்கே வளர்ந்தது. சென்னையின் 43.59 சதவீதத்துக்கு இதிலும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். பேரூராட்சியில் வேட்பாளர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000-க்கு மேல் வாக்காளர்கள்.

வாக்காளர் பக்கம்

பட்டியல் விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். உள்ளாட்சிக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பது கிடையாது. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டு வார்டாகப் பிரித்து உள்ளாட்சிப் பட்டியல் தயாரிக்கிறார்கள். அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இதிலும் இருக்காது. தேர்தல் அறிவித்த பிறகு வார்டு அலுவலகத்துக்கு ஓடுவதில் பயன் குறைவு. முன்கூட்டியே சட்டமன்றப் பட்டியலில் பெயரும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வழி.

இப்படிப் பிரிக்கும்போது இன்னொன்று நடக்கும். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடமே இதற்கும் இருக்கும் என்று நிச்சயமில்லை. பாகம் எண், வரிசை எண் எல்லாம் மாறும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொரு வார்டு என்றும் ஆகும். எங்கள் வீட்டிலேயே அப்பாவுக்கு ஒரு சாவடி, எனக்கு வேறொரு சாவடி என்று வந்தது. அப்பா பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் அரைமணி நேரம் வரிசையில் நின்று, பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பினார். பூத் சிலிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்த பிறகுதான் வேறு இடம் என்று புரிந்தது. எழுபது வயதில் வெயிலில் மறுபடி நடந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார். எத்தனை பேர் அப்படிப் போவார்கள்?

அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை போதும். அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போல ஆணையம் அறிவிக்கும் வேறு ஆவணங்களில் ஒன்று. அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. அட்டை தொலைந்து பெயர் இருந்தால் ஓட்டு உண்டு. இந்த இரண்டு வாக்கியத்தையும் மனதில் வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நிற்க நினைப்பவருக்கு

21 வயது நிரம்பியிருந்தால் போதும். சட்டமன்றத்துக்கு 25 வேண்டும், இதற்கு 21. அந்த மாநகராட்சியின் அல்லது நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற வார்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். 2022-ல் டெபாசிட் தொகை மாநகராட்சிக்கு ரூ.4,000, நகராட்சிக்கு ரூ.2,000, பேரூராட்சிக்கு ரூ.1,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் உறுதிமொழி ஆவணம் வேண்டும். உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டிய வரியோ கட்டணமோ பாக்கி இருக்கக் கூடாது. அதே உள்ளாட்சியில் ஒப்பந்த வேலை எடுத்து நடத்திக்கொண்டிருப்பவர் நிற்க முடியாது. இந்த வரி பாக்கி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பரிசீலனை நாளில் எதிராளி முதலில் தேடுவது இதைத்தான். மனுத் தாக்கல் நேரத்தில் வரி கட்டும் கவுன்டரில் திடீரென்று கூட்டம் கூடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது இட ஒதுக்கீடு. எந்த வார்டு யாருக்கு என்பது அரசிதழில் வரும் வரை யாருக்கும் உறுதியில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள். பெண்களுக்கு அரசியலமைப்பு சொல்வது குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. 2022-ல் சென்னையின் 200 வார்டுகளில் 16 பட்டியல் சாதியினருக்குப் பொதுவாகவும், 16 பட்டியல் சாதிப் பெண்களுக்கும், 84 பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. மீதி 84 பொது. 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு. சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 28 வயது ஆர். பிரியா அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண் ஆனார். அதே தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் திருநங்கை கங்கா நாயக் வென்றார்.

பெண் வார்டு என்று அறிவித்ததும் அதுவரை அந்த வார்டில் வேலை பார்த்த கட்சிக்காரர் தன் மனைவி பெயரில் மனு போடுவதும், வென்ற பின் போனை அவரே எடுப்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. இதைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் ஆண்டில் கணவர் எழுதிக்கொடுத்ததை வாசித்தவர், மூன்றாம் ஆண்டில் எழுந்து நின்று தன் வார்டு மழைநீர் வடிகாலுக்கு ஏன் பணம் வரவில்லை என்று பொறியாளரைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குப் போய் உட்காரும் உரிமை அவருடையது. அது இருந்தால் மற்றது வரும். வாக்காளர்களும் ஒன்று செய்யலாம்: குறையைக் கணவரிடம் சொல்லாமல் கவுன்சிலரிடமே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கலாம்.

சுயேச்சைக்கு இந்தத் தேர்தலில் பெரிய எதிரி நாள்காட்டி. 2022-ல் ஜனவரி 26 மாலை அறிவிப்பு. 28-ம் தேதி மனுத் தாக்கல் தொடக்கம், பிப்ரவரி 4 முடிவு, 5-ல் பரிசீலனை, 7-ல் வாபஸ். வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கைக்கு வரும். பிரசாரம் 17-ம் தேதி மாலையோடு ஓய்ந்தது. ஆக, சீப்போ சைக்கிள் பம்போ, கிடைத்த சின்னத்தை 30,000 பேர் மனதில் பதியவைக்க 10 நாள். கட்சி வேட்பாளருக்கோ அவர் பிறப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள்.

செலவு வரம்பையும் பார்க்கலாம். 2022-ல் சென்னை வார்டு வேட்பாளர் ரூ.90,000 வரை, பிற மாநகராட்சிகளில் ரூ.85,000 வரை, பேரூராட்சியில் ரூ.17,000 வரை செலவழிக்கலாம். சென்னைக் கணக்கைப் போட்டால் ஒரு வாக்காளருக்கு 3 ரூபாய். ஒரு துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாலே பெரும்பகுதி கரைந்துவிடும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் 3 ஆண்டுக்கு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற சுயேச்சைகள் பலர், தோற்றதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். வரம்பு இருப்பது நல்லது. ஆனால் உண்மைக்கு இவ்வளவு தூரத்தில் இருந்தால் நேர்மையானவர்தான் அதில் நசுங்குவார். பணப் பட்டுவாடா செய்கிறவர் எந்தப் படிவத்திலும் அதை எழுதப் போவதில்லை.

போட்டியே இல்லாத வார்டுகளும் உண்டு. 2022-ல் 218 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். அதில் 196 பேர் பேரூராட்சிகளில். ஊர் ஒற்றுமை என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சில ஊர்களில் அது உண்மையாக இருக்கலாம். நிற்க நினைத்தவரை நிற்கவிடாமல் பேசி முடித்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்த வார்டுக்காரர்கள் அந்த 5 ஆண்டுக்கு ஓட்டுப் போடவில்லை. மற்ற இடங்களில் 57,778 பேர் களத்தில் நின்றார்கள். வார்டு சிறிதாகச் சிறிதாக ஒற்றை இலக்கத்தில் வெற்றி தோல்வி வரும். இரண்டு பேர் சமமாக வாங்கினால் குலுக்கல்.

வென்ற பிறகு

கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம் என்பதில் நிறையக் குழப்பம். தெருவிளக்கு, குப்பை, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், பிறப்பு இறப்புச் சான்று, சொத்து வரி ஆகியவை மாநகராட்சியின் வேலை. மின்தடை, பஸ், போலீஸ் அவர் கையில் இல்லை. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும்கூட 1978 முதல் தனி வாரியத்திடம். மற்ற ஊர்களில் குடிநீர் பெரும்பாலும் உள்ளாட்சியிடம் இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்று சென்னைக் கவுன்சிலரைத் திட்டுகிறவர் பாதி நியாயம்தான் பேசுகிறார்: அவர் வாரிய அதிகாரியிடம் போய் நிற்கலாம், உத்தரவு போட முடியாது.

மாநகராட்சிக்குள்ளேயும் நிர்வாகம் ஆணையரிடம். அவர் அரசு அனுப்பும் அதிகாரி. மன்றத்தின் பலம் தீர்மானத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 அன்று மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. வீடுகளுக்கு 25 சதவீதத்தில் தொடங்கிப் பரப்பளவைப் பொறுத்து 150 சதவீதம் வரை. மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஒவ்வொரு மன்றமும் இதற்குத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. முடிவு மேலிருந்து வந்தது, கையெழுத்து கீழிருந்து கேட்கப்பட்டது. பிப்ரவரியில் வாசலுக்கு வந்து கும்பிட்டபோது வரி பற்றி எந்த வேட்பாளரும் எங்களிடம் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2023 ஜூலையிலிருந்து மாதாந்திர மதிப்பூதியம்: மாநகராட்சியில் ரூ.10,000, நகராட்சியில் ரூ.5,000, பேரூராட்சியில் ரூ.2,500. மேயருக்கு ரூ.30,000. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறிய படி, அவ்வளவுதான். 30,000 பேர் குறையைக் கேட்கிற வேலையை முழுநேரமாகப் பார்க்கிறவர் எதை வைத்துக் குடும்பம் நடத்துவார் என்ற கேள்விக்கு இந்தத் தொகை இன்னும் பதில் ஆகவில்லை. வீடு கட்டுகிறவரிடம் கவுன்சிலர் பெயரைச் சொல்லிக் கைநீட்டும் வழக்கத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். அதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. வேறு வருமானம் உள்ளவர் மட்டுமே நேர்மையாக இருக்க முடியும் என்ற நிலையில் இந்தப் பதவியை வைத்திருக்கிறோம்.

2025-ல் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்காரவைக்க அது வழி செய்தது. சாய்தளம் இல்லாத சாவடியில் இத்தனை காலம் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்கள், அந்தச் சாவடிக்கு யார் பொறுப்போ அந்த மன்றத்துக்குள்ளேயே போகிறார்கள்.

2022 மார்ச் 2-ல் பதவியேற்ற கவுன்சிலர்களின் 5 ஆண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து எந்த வார்டு பெண்களுக்கு, எந்த வார்டு பொது என்பது சுழற்சியில் மாறும். நிற்க நினைப்பவர்கள் வார்டு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இப்போதே பட்டியலையும் வரி ரசீதையும் சரிசெய்து வைப்பது நல்லது.

வாக்காளருக்கு அதற்குள்ளேயும் ஓர் இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கிராம சபை போல நகரத்துக்கும் பகுதி சபை வந்திருக்கிறது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. முதல் கூட்டம் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நடந்தது. ஆண்டுக்கு நாலு நாள் குறித்திருக்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைமை கவுன்சிலர். அந்தப் பகுதியில் வாக்காளராக இருப்பவர் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேட்கலாம், கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். எங்கள் பகுதியில் நான் போன கூட்டத்தில் முப்பது பேர்கூட இல்லை. எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் மூடியில்லாத வடிகால் பற்றி மூன்றாவது தடவையாகச் சொன்னார், எழுதியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.